1950களின் விண்வெளிப் படங்களில் வெள்ளையர் அல்லாதவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி இதுதான்: "1950களின் ஹாலிவுட் அறிவியல் புனைகதைப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ராக்கெட்டில் போகிறவர்கள், ஆய்வகத்தில் இருப்பவர்கள், ஏன், வேற்றுக்கிரகவாசிகள்கூட வெள்ளைக்காரர்களாகவே இருக்கிறார்கள். அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாமா? விதிவிலக்கே கிடையாதா?"

விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவற்றைப் பார்த்த பிறகு "அந்தக் காலம் அப்படி" என்ற சமாதானம் இன்னும் பலவீனமாகிவிடுகிறது. எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கால ஹாலிவுட்டில் ஒரு கறுப்பினத்தவர் எதிர்காலத்துக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது: உலகம் அழிந்திருக்க வேண்டும். மற்ற எல்லோரும் செத்துப்போன பிறகுதான் அவருக்குத் திரையில் இடம். நாகரிகம் நன்றாக இருக்கிற, ராக்கெட் பறக்கிற எதிர்காலத்தில் அவர் இல்லை.

முதலில் அந்தச் சமாதானத்தை எடுத்துக்கொள்வோம். அன்றைய நிஜ உலகம் அந்தப் படங்களில் காட்டியபடி இருந்ததா? இல்லை. வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வகத்தில் 1943 முதலே கறுப்பினப் பெண்கள் விமானவியல் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தனிப் பிரிவுக்கு 1949இல் டோரதி வான் தலைமை ஏற்றார். கேதரின் ஜான்சன் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1953இல். கலிபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் சியென் ஷுவே-சென் என்ற சீனர். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் 1950இல் அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்து, வீட்டுக்காவல் போல வைத்திருந்து, 1955இல் சீனாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சீன ராக்கெட் திட்டத்தை அவர்தான் அங்கே போய் எழுப்பினார். இயற்பியலில் பெரிய அடிப்படை ஒன்றைக் கவிழ்த்த 1956ஆம் ஆண்டுப் பரிசோதனையைச் செய்தவர் சியென்-ஷியுங் வூ என்ற பெண். நம்மவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார், 1952இலிருந்து ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலின் ஆசிரியர். அதாவது, அமெரிக்க வானியலாளர் எவரும் தன் கட்டுரையை ஒரு தமிழரின் மேஜைக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அமெரிக்கத் திரையில் தொலைநோக்கிக்குப் பின்னால் நின்ற வானியலாளர் கோட் சூட் போட்ட வெள்ளைக்காரர் மட்டும்தான். அன்றைய நிஜத்தில் இருந்த அளவுக்குக்கூடப் படங்களில் இல்லை.

அப்படியென்றால் தடுத்தது எது? தனிமனிதர்களின் வெறுப்பு ஒரு பங்கு இருக்கலாம். அதைவிடத் தொழிலின் அமைப்புதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஹாலிவுட்டின் தயாரிப்பு விதித்தொகுப்பு 1930இல் எழுதப்பட்டு, 1934 முதல் கறாராக அமலானது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே உறவு காட்டக்கூடாது என்று அதில் வெளிப்படையாகவே ஒரு விதி இருந்தது. 1956இல்தான் எடுத்தார்கள். சரி, காதலுக்குத்தானே தடை, ராக்கெட்டில் ஏறுவதற்கு என்ன என்று கேட்கலாம். அந்தக் காலத்து விண்வெளிப் படத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு சின்ன அறை, நாலைந்து ஆண்கள், ஒரே ஒரு பெண். அந்தப் பெண் யாருக்கு என்பதுதான் பாதிக் கதை. அந்த அறைக்குள் ஒரு கறுப்பின ஆணை உட்கார வைத்தால், கதாசிரியர் எதுவும் எழுதாவிட்டாலும் தென் மாநிலத் தியேட்டர்காரர் பயந்துவிடுவார்.

அந்தப் பயம் கற்பனை இல்லை. மெம்பிஸ் நகரத் தணிக்கைக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்த லாயிட் பின்ஃபோர்ட், கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் இருப்பதைக் காட்டியதற்காக 1947இல் ஒரு நகைச்சுவைப் படத்தையே தடை செய்தார். கறுப்பினப் பாடகியும் நடிகையுமான லீனா ஹார்னின் பாடல் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பார்கள். தெற்கே அனுப்பும் பிரதியில் வெட்டி எடுத்துவிட வசதியாக இருக்கும் என்பதற்காக. ஆனால் விண்வெளிக் கப்பலின் குழுவில் இருக்கும் ஒருவரை அப்படி வெட்ட முடியாது. அவர் எல்லா ஷாட்டிலும் இருப்பார். ஆகவே எழுதும்போதே விட்டுவிட்டார்கள்.

கறுப்பினத்தவர் தங்களுக்காகவே எடுத்துக்கொண்ட படங்களில் நிலைமை வேறு. கறுப்பினத் தியேட்டர்களுக்காகவே சிறு முதலீட்டில் படம் எடுக்கும் தனித் துறை ஒன்று அப்போது இருந்தது. அதில் 1940இல் வந்த 'சன் ஆஃப் இங்காகி' படத்தின் மையத்தில் இருப்பவர் ஹெலன் ஜாக்சன் என்ற கறுப்பின டாக்டர், அதுவும் வயதான பெண். தன் வீட்டு ஆய்வறையில் மருந்து கண்டுபிடிப்பவர். கதை எழுதியவர் ஸ்பென்சர் வில்லியம்ஸ். படம் சுமார்தான், குரங்கு மனிதன் வேஷம் சிரிப்பு வரவழைக்கும். ஆனால் அடுத்த 20 வருடங்களில் ஹாலிவுட் பெரிய ஸ்டுடியோக்கள் இப்படியொரு பாத்திரத்தை யோசிக்கக்கூட இல்லை.

சினிமாவுக்குப் பக்கத்து வீடான காமிக்ஸிலும் ஒரு சான்று இருக்கிறது. 1953இல் ஈ.சி. காமிக்ஸ் வெளியிட்ட 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற கதை. அல் ஃபெல்ட்ஸ்டைன் எழுத, ஜோ ஒர்லாண்டோ வரைந்தது. ரோபோக்கள் வாழும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒரு பரிசோதகர் போகிறார். அந்தக் கிரகத்தை விண்மீன் குடியரசில் சேர்க்கலாமா என்று பார்க்க வேண்டும். அங்கே ஆரஞ்சு ரோபோக்களுக்கு ஒரு வாழ்க்கை, நீல ரோபோக்களுக்கு வேறு வாழ்க்கை. உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றுதான், மேல் தகடு மட்டும்தான் வேறு. நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பின மனிதர். 1956இல் அதை மறுபடி அச்சிடப் போனபோது காமிக்ஸ் தணிக்கை அதிகாரி அந்த விண்வெளி வீரர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார். கதையே அதுதானே! பதிப்பாளர் பில் கெயின்ஸ் சண்டை போட்டு, ஒரு கோடும் மாற்றாமல் வெளியிட்டார். ஆக, அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை என்பது பொய். தோன்றியது. தோன்றியதை நிறுத்த ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

இப்போது நான் சொன்ன அந்த வாசலுக்கு வருவோம்.

1951இல் இரண்டு படங்கள். ஒன்று, ஜார்ஜ் பால் தயாரித்த 'வென் வேர்ல்ட்ஸ் கொலைட்'. ஒரு நட்சத்திரம் வந்து பூமியில் மோதப்போகிறது, ஒரு ராக்கெட் கட்டி நாற்பத்துச் சொச்சம் பேரைக் காப்பாற்றுகிறார்கள், நோவாவின் பேழை மாதிரி. மனிதகுலத்தை மறுபடி தொடங்கப்போகிற அந்தக் கூட்டத்தில் அத்தனை பேரும் வெள்ளையர். யாரும் அதைப் பற்றி ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை. அதுதான் என்னை உறுத்துவது. திட்டமிட்டு விலக்கியிருந்தால் ஒரு காரணமாவது சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று, ஆர்ச் ஓபோலர் மிகக் குறைந்த செலவில், மலிபு பக்கத்தில் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த தன் சொந்த வீட்டிலேயே எடுத்த 'ஃபைவ்'. அணுப்போருக்குப் பிறகு மிஞ்சிய ஐந்து பேர். அதில் சார்லஸ் என்ற கறுப்பினத்தவராக சார்லஸ் லாம்ப்கின் நடித்தார். வங்கிப் பெட்டக அறைக்குள் மாட்டிக்கொண்டதால் தப்பியவர். நிதானமானவர், உழைப்பாளி, மற்றவர்களோடு சேர்ந்து பயிர் போடுகிறார். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் 'தி கிரியேஷன்' கவிதையிலிருந்து ஒரு பகுதியை அவர் சொல்லும் காட்சி உண்டு. கறுப்பினக் கவிஞர் ஒருவரின் வரிகள் ஒரு அணுயுத்தப் படத்தில் ஒலிப்பது அப்போது சாதாரணமல்ல. பிறகு எரிக் என்ற மலையேறி வந்து சேர்கிறான். உலகமே அழிந்து ஐந்து பேர்தான் மிச்சம் என்ற நிலையிலும் ஒரு கறுப்பனோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்கிறான். கடைசியில் சார்லஸை அவனே குத்திக் கொல்கிறான். எரிக்காக நடித்த ஜேம்ஸ் ஆண்டர்சன்தான் 11 வருடம் கழித்து 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் அந்த மோசமான அப்பன் பாப் யூவெல்லாக வந்தார் என்பது கொசுறுத் தகவல்.

ஓபோலரின் நோக்கம் நல்லது, இனவெறியைக் கண்டிக்கத்தான் எடுத்தார். ஆனால் கதையில் சார்லஸின் வேலை என்ன? நல்லவனாக இருப்பது, பிறகு சாவது. அவர் சாவதால் மற்றவர்களுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. படம் முடியும்போது மிஞ்சுவது ஒரு வெள்ளை ஆணும் ஒரு வெள்ளைப் பெண்ணும். பேழை வேறு வழியாகச் சுற்றி அதே கரைக்குத்தான் வந்து சேர்கிறது.

எட்டு வருடம் கழித்து வந்த 'தி வேர்ல்ட், தி ஃபிளெஷ் அண்ட் தி டெவில்' (1959) படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து வேறு படத்தில் இல்லை. கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபான்டே, தானே கதாநாயகனாக நடித்து, தன் சொந்த நிறுவனமான ஹார்பெல் வழியாக, எம்.ஜி.எம்.முடன் சேர்ந்து எடுத்தது. இயக்கம் ரானல்ட் மெக்டூகல். பென்சில்வேனியாவில் ஒரு சுரங்கத்தைப் பார்வையிடப் போன ரால்ஃப் பர்ட்டன் மண்சரிவில் மாட்டிக்கொள்கிறான். பல நாள் கழித்து வெளியே வந்தால் கதிரியக்க விஷத்தில் உலகம் காலி. நியூயார்க் போகிறான். ஆளில்லாத அந்த நகரத்தை விடியற்காலையில் தெருக்களைக் காலி செய்து நிஜமாகவே படம் பிடித்தார்கள். முதல் அரை மணி நேரம் திரையில் பெலஃபான்டே மட்டும்தான். ஒரு கறுப்பின மனிதன் ஜெனரேட்டரை ஓட்டி மின்சாரம் கொண்டுவருகிறான், நூலகத்துப் புத்தகங்களையும் ஓவியங்களையும் காப்பாற்றி வைக்கிறான், கடை பொம்மைகளோடு பேசுகிறான். 1959இல் ஒரு பெரிய ஸ்டுடியோ படத்தில் நாகரிகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் இவன் கையில். இந்த அரை மணிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

பிறகு சாரா வருகிறாள். இங்கர் ஸ்டீவன்ஸ். இருவர்தான் உலகத்திலேயே. ஆனாலும் ரால்ஃப் அவளை வேறொரு கட்டடத்தில்தான் தங்க வைக்கிறான். ஒரே கட்டடத்துக்கு வரட்டுமா என்று அவள் கேட்டால் "ஊர் பேசும்" என்று ஜோக் அடிக்கிறான். ஊரே இல்லை! ஊர் அவனுக்குள் இருக்கிறது. ஒரு நாள் எரிச்சலில் அவள், நான் சுதந்திரமானவள், வெள்ளைக்காரி, 21 வயதானவள், என் இஷ்டப்படி செய்வேன் என்கிறாள். அன்றைய அமெரிக்காவில் வாய் தவறாமல் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வழக்கு அது, அவள் யோசித்துச் சொல்லவில்லை. அவன் முகம் மாறுவதைப் பாருங்கள். பின்னால் முடி வெட்டச் சொல்லி அவள் உட்காரும் காட்சியில் அந்த வார்த்தை திரும்ப வந்து வெடிக்கிறது. அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு விடுதியை அலங்கரித்து அவனே விருந்து வைக்கிறான். கூட உட்கார் என்கிறாள். ஊழியர்கள் விருந்தினரோடு உட்கார அனுமதி இல்லை என்று பரிமாறுபவனாகவே நடித்துக்கொண்டு நிற்கிறான். சட்டமும் போலீசும் ஒழிந்த உலகத்தில் இனப்பிரிவினை மட்டும் இரண்டு பேரின் பழக்கத்தில் உயிரோடு இருப்பதை, ஒரு பிரசங்கமும் இல்லாமல் மூன்று காட்சியில் காட்டிவிடுகிறார்கள்.

இதற்கு மேல் படத்துக்குத் துணிச்சல் இல்லை. மெல் ஃபெரர் நடிக்கும் மூன்றாவது ஆள், வெள்ளைக்காரன், படகில் வந்து இறங்குகிறான். அதோடு அது ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் என்ற பழைய பஞ்சாங்கமாகிவிடுகிறது. இரண்டு பேரும் துப்பாக்கியோடு தெருக்களில் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். ஐ.நா. கட்டடத்துக்கு எதிரே, வாள்களைக் கலப்பைகளாக அடிப்பார்கள் என்ற பைபிளின் ஏசாயா வாசகத்தைப் படித்துவிட்டு ரால்ஃப் துப்பாக்கியைப் போட்டுவிடுகிறான். கடைசியில் மூவரும் கைகோத்து நடக்கிறார்கள், 'ஆரம்பம்' என்று எழுத்து வருகிறது. ரால்ஃபும் சாராவும் ஒரு முத்தம்கூடக் கொடுத்துக்கொள்வதில்லை. விதித்தொகுப்பில் அந்தத் தடை மூன்று வருடம் முன்பே போய்விட்டது, ஆனால் சந்தை மாறவில்லை. இரண்டு வருடம் முன்பு பெலஃபான்டேவும் ஜோன் ஃபான்டெய்னும் நடித்த 'ஐலண்ட் இன் தி சன்' வந்தபோது, அதைத் திரையிடும் தியேட்டர்களுக்கு அபராதம் போட தென் கரோலினாவில் மசோதாவே கொண்டுவந்தார்கள். அந்தப் படத்திலும் முத்தம் கிடையாது. பெலஃபான்டே பின்னாளில் 'தி வேர்ல்ட்...' பற்றித் தன் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. இன்னொரு விஷயம். இங்கர் ஸ்டீவன்ஸ் 1961இல் ஐக் ஜோன்ஸ் என்ற கறுப்பினத் திரைக்கலைஞரைத் திருமணம் செய்துகொண்டார். 1970இல் அவர் இறக்கும்வரை அது வெளியே தெரியாது. திரைக்கு வெளியேயும் தனித்தனிக் கட்டடம்தான்.

கறுப்பினத்தவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆசியர்கள் கதை கொஞ்சம் வேறு. அவர்கள் அவ்வப்போது விண்வெளிக்குப் போனார்கள், ஆனால் போவதற்கு முன் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 'கான்க்வெஸ்ட் ஆஃப் ஸ்பேஸ்' (1955) படத்தில் செவ்வாய்க்குப் போகும் குழுவில் இமோட்டோ என்ற ஜப்பானியர் இருக்கிறார். மற்றவர்கள் சும்மா முன்வருகிறார்கள். இவர் மட்டும் எழுந்து நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றுகிறார்: ஜப்பானில் உலோகம் இல்லை, அதனால்தான் காகித வீடு, அதனால்தான் குச்சியில் சாப்பிடுகிறோம், அந்தப் பற்றாக்குறைதான் எங்களைப் போருக்குத் தள்ளியது, பூமிக்கு வளம் தேட நான் வருகிறேன் என்று. போர் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது, ஆகவே மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் ராக்கெட்டில் ஏற வேண்டும் போல. நடித்தவர் பென்சன் ஃபாங், கலிபோர்னியாவில் பிறந்த சீன அமெரிக்கர். 'தி ட்வென்டி செவன்த் டே' (1957) படத்தில் வேற்றுக்கிரகவாசி ஐந்து நாடுகளிலிருந்து ஐந்து பேரைத் தூக்கிப்போய் ஆளுக்கொரு பேரழிவு ஆயுதம் கொடுக்கிறான். அமெரிக்கப் பத்திரிகையாளருக்கும் ஆங்கிலப் பெண்ணுக்கும் முழுநீளக் கதை. சீனக் கிராமத்துப் பெண் சூ டான் படத்தின் ஆரம்பத்திலேயே பேசாமல் தற்கொலை செய்துகொள்கிறாள்.

'காட்ஸில்லா'வை விட முடியாது. பிகினி தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று கதிரியக்கத்தில் சிக்கியது 1954 மார்ச்சில். இஷிரோ ஹோண்டாவின் படம் வந்தது அதே வருடம் நவம்பரில். ரயிலில் ஒரு பெண், நாகசாகியில் தப்பித்தேனே, இப்போது இதுவா என்று அலுத்துக்கொள்வாள். 1956இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது அந்த வசனம் இல்லை. ரேமண்ட் பர் என்ற நடிகரைப் புதிதாகப் படம்பிடித்துப் பத்திரிகையாளராக ஒட்டவைத்து, ஜப்பானியக் கதாநாயகியின் முதுகு மாதிரித் தெரியும் வேறொருவரை நிறுத்தி அவரோடு பேசவைத்தார்கள். டப்பிங்கில் குரல் கொடுத்தவர்களில் ஜேம்ஸ் ஹாங் ஒருவர். ஒரே ஆளே பல பாத்திரங்களுக்குப் பேசியிருக்கிறார். ஜப்பானியர்கள் எடுத்த, ஜப்பானியர்கள் நிறைந்த படம்தான், ஆனால் டோக்கியோ அழிவதைப் பார்த்துத் துக்கப்படும் கண் ஒரு அமெரிக்கனுடையதாகிவிட்டது. மூலப்படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு முறையாக வந்தது 2004இல்.

நமக்கு நெருக்கமான ஒரு உதாரணம் சேலத்தில் இருக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், அமெரிக்க லிப்பர்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1952இல் 'தி ஜங்கிள்' எடுத்தார். தமிழில் 'காடு'. காட்டு யானைகள் மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன, காரணம் தேடிப் போனால் ரோமம் அடர்ந்த ஆதிகால யானைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நிஜ யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்தி நடக்கவிட்டிருப்பார்கள். நம்பியார் இருக்கிறார், படமெடுத்த மண் நம்முடையது, யானைகளும் நம்முடையவை. இந்திய இளவரசி மட்டும் மேரி வின்ட்சர் என்ற அமெரிக்க நடிகை. ராமா சிங் என்ற இந்தியராக சீசர் ரொமேரோ. அப்போது சென்னையிலும் சேலத்திலும் இளவரசி வேஷம் போடத் தகுந்த நடிகைகளுக்கா பஞ்சம்? தெரு முழுக்க இந்தியர்கள் நடமாடலாம், கதையை நகர்த்துகிற மூன்று பேர் மட்டும் அங்கிருந்து வர வேண்டும். இந்தியச் சந்தைக்கும் அமெரிக்கச் சந்தைக்கும் சேர்த்து எடுத்த படத்தில் எந்தச் சந்தையின் முகம் முன்னால் நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? 1960இல் கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் சேர்ந்து, போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம்மின் நாவலை வைத்து எடுத்த படம் 'டெர் ஷ்வைகெண்டெ ஷ்டெர்ன்'. 'மௌன நட்சத்திரம்' என்று சொல்லலாம். இயக்கம் குர்ட் மேட்சிக். வெள்ளிக்கோளுக்குப் போகும் கப்பலில் சோவியத், போலந்து, ஜெர்மன், அமெரிக்கர் என்பதோடு ஒரு சீன மொழியியலாளர், ஒரு இந்தியக் கணிதவியலாளர், ஒரு ஜப்பானியப் பெண் டாக்டர், ஒரு ஆப்பிரிக்கத் தகவல்தொடர்பு நிபுணர். அந்த ஆப்பிரிக்கர் தாலுவாவாக நடித்தவர் ஜூலியஸ் ஓங்கேவே. திரையில் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்வார்கள். ஜப்பானிய டாக்டர் சுமிகோவாக யோகோ தானி. சுமிகோவின் தாய் ஹிரோஷிமாவில் இறந்தவர். வெள்ளிக்கோளில் இருந்தவர்கள் பூமியை அழிக்கச் செய்த ஆயுதத்தில் தாங்களே அழிந்திருக்கிறார்கள் என்று தெரியவரும்போது அந்த இழப்புக்கு ஒரு கனம் வருகிறது. வேற்றுமொழிச் செய்தியை உடைத்துப் படிப்பது சீனரும் இந்தியரும்தான். அலங்காரத்துக்கு நிறுத்தியவர்கள் அல்ல.

இதை எடுத்தவர்கள் சுத்தமான மனசுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. சோஷலிச முகாம்தான் உலக மக்களின் நண்பன் என்ற பிரசாரம் அதில் அப்பட்டமாகத் தெரியும், ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் போஸ்டர் போலத்தான் நிற்பார்கள். லெம்முக்கே படம் பிடிக்கவில்லை. இந்தியர் சிகர்ணாவாக நடித்தவர் குர்ட் ரேக்கல்மன் என்ற ஜெர்மானியர், முகத்தில் பழுப்புச் சாயம். ஆப்பிரிக்கருக்கு ஆப்பிரிக்கர், சீனருக்குச் சீனர், இந்தியர் மட்டும் கிடைக்கவில்லையாம்! கப்பல் திரும்பும்போது வராமல் போகிறவர்களில் தாலுவாவும் சீனரும் இருக்கிறார்கள். கூடவே ஜெர்மானியரும் இருப்பதால் அதை மட்டும் பெரிய குற்றமாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரசாரத்துக்காகவே என்றாலும், 1960இல் அப்படி ஒரு குழுவைத் திரையில் உட்கார வைக்க முடிந்தது, தியேட்டர்கள் தீப்பிடிக்கவில்லை. 1962இல் அமெரிக்காவுக்கு 'ஃபர்ஸ்ட் ஸ்பேஸ்ஷிப் ஆன் வீனஸ்' என்ற பெயரில் வந்தபோது கால் மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வெட்டினார்கள். ஹிரோஷிமா பேச்சு முக்கியமாக அடிபட்டது. காட்ஸில்லாவில் நாகசாகி போன அதே வழி.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பெண் விஞ்ஞானிகள் 1950களின் படங்களில் ஆச்சரியப்படும் அளவுக்கு உண்டு. 'தெம்!' (1954) படத்தில் பூச்சியியல் நிபுணர் பாட்ரிஷியா மெட்ஃபோர்ட், எறும்புப் புற்றுக்குள் இறங்குவது என் வேலை என்று எஃப்.பி.ஐ. அதிகாரியோடு வாதாடி இறங்குகிறார். ஆனால் 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' (1950) படத்தில் எரிபொருள் கணக்கில் பெண் விஞ்ஞானி மாறுபட்ட விடை சொல்ல, தலைவர் தன் விடைதான் சரி என்று ஓட்டி, நிலாவுக்குப் போக வேண்டிய கப்பல் செவ்வாய்க்குப் போய்விடுகிறது. மன்னிப்புக் கேட்பது அவள்தான். கேமராவுக்குப் பின்னாலும் அப்படித்தான். 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' (1954) படத்தின் அந்தப் புகழ்பெற்ற மீன்மனித உருவத்தை வடிவமைத்தவர் மிலிசென்ட் பாட்ரிக். ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோர் பெயரையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு அவரை வேலையிலிருந்து ஓரங்கட்டினார்.

அந்தக் காலப் படங்களைக் காப்பாற்ற ஒரு வாதம் சொல்வார்கள்: வேற்றுக்கிரகவாசியே 'மற்றவர்' என்பதற்கான உருவகம்தானே, அவன் மூலமாக இனவெறியைப் பற்றித்தானே பேசினார்கள் என்று. 'இட் கேம் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' (1953) போன்ற படங்களைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. கப்பல் பழுதாகி இறங்கியவர்களைப் பார்த்த மாத்திரத்தில் துப்பாக்கியைத் தூக்கும் ஊர்க்காரர்களைத்தான் படம் குற்றம் சொல்கிறது. ஆனால் உருவகத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: பாதிக்கப்பட்டவரைச் சம்பளம் கொடுத்து நடிக்க வைக்க வேண்டியதில்லை. வெறுப்பைப் பற்றி எடுத்த படத்திலும் நடிகர் பட்டியல் முழுக்க வெள்ளையராகவே இருந்துவிடலாம்.

1960களின் கடைசியில் வாசல் கொஞ்சம் அகலமானது. தொலைக்காட்சியில் 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' வந்தது. அதில் நடித்த கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸ் விலக நினைத்தபோது போகாதே என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். சினிமாவில் இன்னும் பழைய வாசனை இருந்தது. 1968இன் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் டாட்ஜ் என்ற கறுப்பின விண்வெளி வீரர் வருகிறார், சீக்கிரமே கொல்லப்பட்டு அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைக்கப்படுகிறார். அதே வருடம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் டுவேன் ஜோன்ஸ் கதாநாயகன். மறுபடியும் உலகம் முடிகிற கதைதான். இரவு முழுக்கப் பிணங்களோடு போராடி உயிர் பிழைத்தவனைக் காலையில் வெள்ளைக்காரத் துப்பாக்கிக் கூட்டம் சுட்டுவிடுகிறது. நிஜ விண்வெளியில் முதல் கறுப்பினத்தவர் கியூபாவின் அர்னால்டோ தமாயோ மெண்டஸ், 1980இல், சோவியத் கப்பலில்.

பார்க்க ஆசைப்பட்டால் 'தி வேர்ல்ட், தி ஃபிளெஷ் அண்ட் தி டெவில்' படத்தில் தொடங்குங்கள். மெல் ஃபெரர் படகில் வந்து இறங்கியதும் அலுப்புத் தட்டினால் தப்பில்லை. அடுத்து 'மௌன நட்சத்திரம்', ஆனால் ஜெர்மன் மூலத்தை சப்டைட்டிலோடு பாருங்கள், வெட்டிய ஆங்கில டப்பிங் வேண்டாம். காட்ஸில்லாவுக்கும் அதேதான், 1954ஆம் வருடப் பிரதியைத் தேடுங்கள். 'ஃபைவ்' மெதுவாக நகரும், பொறுமை இருக்கிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள். 'வென் வேர்ல்ட்ஸ் கொலைட்' ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் பேழையில் ஏறுகிற கூட்டம் வரும் கடைசிப் பகுதி மட்டும் போதும்.